மதுபூர்ணிமை கற்பிக்கும் பாடம்



மதுபூர்ணிமைக்குக் கல்கத்தா சென்றிருந்தபோது, விகாரையில் தானமளிக்கத் தேன் வாங்க எண்ணிக் காளிகாட் வீதியொன்றில் நின்றேன். ஒருவர் பிழிந்த தேனடையை வாளியிலிட்டு விற்றுக்கொண்டிருந்தார். தேனின்மேல் செத்த ஈக்களும் வெண்புழுக்களும் மிதந்தன. வாங்குவோர்க்கு அதுவே தூய தேன் என்பதற்குச் சான்று! என் கை பின்வாங்கியது.

மதுபூர்ணிமை என்பது யாது? கோசம்பியில் பிக்குகள் தம்முள் கலகமிட்டமையால், பகவன் புத்தர் தனித்துச் சென்று பாரிலேய வனத்தில் மழைக்காலம் தங்கினார். அங்கே ஒரு குரங்கு தேனடை கொணர்ந்து படைத்தது. பகவன் ஏற்றாரேயன்றி உண்டாரில்லை. குரங்கு ஐயுற்று அடையைத் திருப்பி நோக்க, அதனுள் ஈக்குஞ்சுகள் இருந்தன. அவற்றை மெல்ல அகற்றி மீண்டும் படைத்தது. பகவன் உண்டார். தம்மபத உரை கூறும் வரலாறு இது. கிருபாசரண மகாஸ்தவிரர் 1892ல் பௌத்த தர்மாங்குர சபையை நிறுவிய அந்நகரில், வங்கப் பௌத்தர் பாத்ர மாதப் பௌர்ணமியன்று தேன் தானமளித்து இதனை நினைவுகூர்கின்றனர்.

அக்குரங்கு செய்ததையே இக்காலத் தேனீ வளர்ப்பும் செய்ய வல்லது. சட்டங்களைக் கழற்றி மாட்டும் கூட்டுப் பெட்டிக்கு 1851ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் வழிகண்டார். 1880களில் வங்கத்தில் அம்முறை முயலப்பட்டது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் சிற்றூர் மக்களுக்குக் கற்பித்தார். பெட்டியின் கீழறை குஞ்சுகளுக்கு, மேலறை தேனுக்கு. மேலறையின் அடைகளைக் கருவியிலிட்டுச் சுழற்றித் தேனெடுத்து, வெற்றடையை ஈக்களுக்கே திருப்பித் தருவர். குஞ்சுகளை நசுக்க வேண்டுவதில்லை.

ஆயினும், பெட்டியை மெல்லத் திறப்பவன் எதன்பொருட்டு அங்ஙனம் செய்கின்றான்? கொட்டுமே என்னும் அச்சத்தாலா? தேன் குறையுமே என்னும் கவலையாலா? அன்றி, மனிதனைக் கொட்டிய ஈ தன் கொடுக்கை இழந்து மாளுமே என்னும் இரக்கத்தாலா? செயல் ஒன்றே, எண்ணம் மூன்று. எண்ணத்தையே வினை என்றார் பகவன்.

அடியேன் நூலாலையில் உழைத்தவன். அங்கிருந்த மேற்பார்வையாளர் ஒருவர் இயந்திரத்திற்கு எண்ணெயிடத் தவறார், பழுதானால் நட்டமன்றோ! காய்ச்சலோடு நின்ற தொழிலாளியை ஏறெடுத்தும் பாரார். அவனுக்கு மாற்றாள் வாயிலில் காத்திருந்தான். பேணுதல் வேறு, கருணை வேறு என்பதை அன்றே கற்றேன்.

இலாபம் கருதுதல் குற்றமன்று. நல்வாழ்க்கைத் தொழிலுக்கும் ஊதியம் வேண்டும். ஆனால், இலாபத்தால் வந்த மென்மை இலாபம் நின்றவிடத்தில் நின்றுவிடும். பூவற்ற மழைக்காலத்தில், காண்பாரில்லாதபோது, ஈக்களின் உணவாகக் கூட்டில் எவ்வளவு தேனை விட்டுவைக்கின்றோம் என்பதே உரைகல். தேன் வளர்ப்போர் இதனைத் தம்மைக் கேட்க. உண்போர், அது எங்ஙனம் எடுக்கப்பட்டது என்று விற்போரைக் கேட்க.

அன்று நான் விகாரையில் பழம் மட்டுமே படைத்தேன். மனம் நிறைந்திருந்தது.

சாது! சாது! சாது!