கால் எட்டலைன்னா டர்ட் பைக் ஓட்ட முடியாதா?

ஒரு பொண்ணு டர்ட் பைக் பார்க்க ஷோரூமுக்குள்ள போனா முதல் கேள்வி ரெடியா இருக்கும்: "கால் எட்டுமா மேடம்?" அடுத்தது பெரும்பாலும் கேள்வியா கூட வராது. "ஸ்கூட்டர் செக்‌ஷன் அந்தப் பக்கம் இருக்கு." அஞ்சடி உயரம் இருக்கிற நம்மள்ல நிறைய பேர் இந்த இடத்திலேயே திரும்பி வந்துடறோம். அந்தக் கேள்வி தப்புன்னு நான் சொல்லலை. ஆனா அது முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இல்லை. ஏன்னு நம்ம முதல் வருஷ மெக்கானிக்ஸை வச்சே பார்த்துடலாம்.

மூணு வண்டிகளை எடுத்துக்கோங்க. ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411: சீட் உயரம் 800 மி.மீ., எடை 199 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி: 825 மி.மீ., சுமார் 160 கிலோ. கவாசாகி கேஎல்எக்ஸ் 230: 880 மி.மீ., 139 கிலோ. சீட் உயரத்தை மட்டும் பார்த்தா ஹிமாலயன்தான் நமக்கானது. எடையைப் பார்த்தா வரிசை அப்படியே தலைகீழ்.

மண் ரோட்ல கத்துக்கும்போது வண்டி விழும். "விழலாம்" இல்லை, விழும். விழுந்த வண்டியைத் தூக்க எவ்வளவு பலம் வேணும்? வண்டியோட ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்துல இருக்குன்னு வச்சுக்குவோம். விழுந்து கிடக்கும்போது அது நேர்கோட்டிலிருந்து சுமார் 65 டிகிரி சாய்ஞ்சிருக்கும். டயர் தரையைத் தொடுற இடத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஹேண்டில்பார் பக்கத்துல, நீங்க பிடிச்சுத் தூக்கறீங்க. அந்த டயர் முனையைச் சுத்தி மொமென்ட் எடுத்தா எடை × 0.55 × சைன் 65. ஹிமாலயனுக்கு கிட்டத்தட்ட 99 கிலோ விசை. எக்ஸ்பல்ஸுக்கு 80. கேஎல்எக்ஸுக்கு 69. தோராயமான கணக்குதான், ஆனா 50 கிலோ எடை இருக்கிற ஒருத்திக்கு 99-க்கும் 69-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் ஒரு முழு நாள் ரைடு. மூணாவது தடவை விழும்போது தூக்க ஆள் தேடணுமா, நாமளே தூக்கிக்கலாமா என்கிறது இதுலதான் இருக்கு.

அதனால முதல் கேள்வி "தூக்க முடியுமா?"

சரி, கால் எட்டுற விஷயத்துக்கு வருவோம். முதல்ல உங்க உயரத்தை மறந்துடுங்க, கால் அளவை எடுங்க. செருப்பில்லாம சுவரோரமா நின்னு, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை கால்களுக்கு நடுவுல சேணம் மாதிரி மேலே வரை இழுத்துப் பிடிச்சு, அதோட மேல் விளிம்பிலிருந்து தரை வரை இன்ச் டேப் பிடிங்க. ஒரே 153 செ.மீ. உயரத்துல இருக்கிற ரெண்டு பேருக்கு இந்த அளவு அஞ்சு செ.மீ. கூட மாறலாம்.

என் அளவு 70 செ.மீ. ஆஃப்ரோடு பூட்ஸ் அடிப்பாகம் ரெண்டரை செ.மீ. கூட்டுது, 72.5. எக்ஸ்பல்ஸ் சீட் 82.5, நான் உட்கார்ந்தா ஒரு 3 செ.மீ. அமுங்கும், 79.5. மிச்சம் 7 செ.மீ. இடைவெளி. குதிகாலைத் தூக்கி நுனிக்கால்ல சமாளிச்சுடலாம்னு தோணும். ஷோரூம்ல கேன்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு ஏறினா சமாளிக்கவும் முடியும். ஆனா ஆஃப்ரோடு பூட்ஸ் கணுக்காலை வளைய விடாது, அதுக்காகத்தானே அதைப் போடறோம்! நுனிக்கால்ல நிக்கிற வசதி அதுல பாதிக்கு மேல போயிடும். அதனால ட்ரையல் பார்க்கப் போகும்போது பூட்ஸோட போங்க. பார்க்கிறவங்க சிரிச்சா சிரிக்கட்டும்.

இன்னொண்ணு, சீட்டோட அகலம். விவரப் பட்டியல்ல இது வராது. முன்பக்கம் ஒல்லியா இருக்கிற சீட்டுல கால் நேரா கீழே இறங்கும். அகலமான சீட்டுல தொடை வெளியே விரிஞ்சு, கால் சாய்வா இறங்கி, ரெண்டு மூணு செ.மீ. அங்கேயே காலி. பிஎம்டபிள்யூ தன் பைக்குகளுக்கு சீட் உயரத்தோட, ஒரு பாதத்திலிருந்து சீட் மேல ஏறி மறு பாதம் வரைக்குமான வளைவு நீளத்தையும் தருது. மத்தவங்க தர்றதில்லை. ஒரு கயிறு எடுத்துட்டுப் போய் நீங்களே அளந்து, உங்க கால் அளவை ரெண்டால பெருக்கி ஒப்பிட்டுப் பாருங்க.

இப்போ யாரும் நமக்குச் சொல்லாத விஷயம்: ஸ்பிரிங். வண்டியோட பின் ஸ்பிரிங் நம்மைவிட எடை கூடின ஒரு ஆளை மனசுல வச்சுதான் போட்டிருப்பாங்க. 50 கிலோ ஆள் உட்கார்ந்தா அது போதுமான அளவு அமுங்காது. ஆக, குட்டையா, எடை குறைவா இருக்கிறவங்களுக்கு ரெட்டை அடி. கால் ஏற்கனவே எட்டலை, அதுக்கு மேல வண்டியும் இறங்க மாட்டேங்குது. மேடு பள்ளத்துல தூக்கித் தூக்கிப் போடுறதும் இதனாலதான். முதல்ல ப்ரீலோடை குறைச்சுப் பாருங்க, அதுக்குச் செலவே கிடையாது. அதுவும் பத்தலைன்னா உங்க எடைக்கேத்த மென்மையான ஸ்பிரிங். இது சீட்டை கொஞ்சம் இறக்கும், ஓட்டமும் நல்லா ஆகும். சீட்டை மட்டும் குறைக்கிற எந்த வேலையும் இந்த ரெண்டையும் சேர்த்துத் தராது.

மெக்கானிக் கிட்ட போனா "லோயரிங் லிங்க் போட்டுடலாம்"னு சொல்லுவார். கவனமா இருங்க. பின்பக்கத்தை மட்டும் இறக்கினா முன் ஃபோர்க்கோட சாய்வு கூடும், ஸ்டீயரிங் மந்தமாகும். அதுக்கேத்தபடி முன் ஃபோர்க்கையும் கிளாம்ப்ல மேலே ஏத்தணும். தரை இடைவெளி குறையும், கல்லு என்ஜின் அடியில இடிக்கும். பெரிய பள்ளத்துல முழுசா அமுங்கும்போது டயர் மட்கார்டுல போய் உரசும். சைடு ஸ்டாண்ட் அதே நீளத்துல இருக்கிறதால வண்டி கிட்டத்தட்ட நேரா நிக்கும். காத்தடிச்சாலே மறுபக்கம் சாய்ஞ்சுடும். ஸ்டாண்டை வெட்டி வெல்டு வைக்கணும். ஃபோம் ரெண்டு செ.மீ. செதுக்கறது இதைவிட எவ்வளவோ மேல், அதுவும் முன்பக்க ஓரங்களை மட்டும். நடுவுல குழி தோண்டினா சீட்டுல முன்னபின்ன நகர முடியாது, மண்ணுல அது ரொம்ப வேணும்.

உண்மையில ரெண்டு காலும் தரையில ஊணணும்னு எந்த விதியும் இல்லை. ஒரு கால் போதும். நிக்கறதுக்கு முன்னாடியே முதல் கியருக்கு வந்துட்டு, இடுப்பை சீட்டோட இடது ஓரத்துக்கு நகர்த்தி, இடது பாதத்தை முழுசா ஊணுங்க. வலது கால் பின் பிரேக்குலயே இருக்கட்டும். எந்த இடத்துல நிக்கணும்னு பத்து மீட்டர் முன்னாடியே கண்ணு தேடணும். இடது பக்கம் கொஞ்சம் மேடு, ஒரு கல்லு, ஒரு வரப்பு. பள்ளமான பக்கம் காலை நீட்டினா ஆறடி ஆளும் விழுவார்தான். மத்தபடி மண்ணுல ஓடும்போது பாதி நேரம் ஃபுட்பெக்ல எழுந்து நிக்கப் போறோம். அங்கே சீட் உயரத்துக்கு வேலையே இல்லை.

பெரும்பாலான ஆரம்பகால விழுதல்கள் கால் எட்டாததால வர்றதில்லை, வண்டி ஆஃப் ஆகிறதால வருது. கிளட்ச் லீவர் உங்க விரலுக்கு எட்டற தூரத்துல இருக்கான்னு பாருங்க. சின்ன கைக்கு அது தூரமா இருந்தா ஒரு நாள் முழுக்கப் பிடிச்சு விட்டு கை மரத்துடும், அப்புறம் வண்டி ஆஃப் ஆகும், அப்புறம் மண்ணுதான். அட்ஜஸ்ட் பண்ற லீவர் மாத்தறது பெரிய செலவு இல்லை.

எதை வாங்கலாம்? காலேஜுக்கும் போகணும், ஞாயித்துக்கிழமை மண்ணுலயும் இறங்கணும்னா என் ஓட்டு செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பல்ஸ் 200-க்கு. அதோட ப்ரோ மாடல் பக்கம் போகாதீங்க, சீட் 891 மி.மீ. கையில காசும் கொஞ்சம் அனுபவமும் இருந்தா கேஎல்எக்ஸ் 230. உயரம்தான், ஆனா சீட் ஒல்லி, எடை குறைவு. அமெரிக்காவுல ஆரம்பிக்கிற பொண்ணுங்களுக்கு 90 கிலோ எடையில, 805 மி.மீ. சீட்டோட யமஹா டிடி-ஆர் 125 கிடைக்குது. பொறாமையா இருக்கு. இங்கே கவாசாகி கேஎல்எக்ஸ் 140 அந்த எடைக்குக் கிட்ட வரும். ஆனா அது ரோட்ல ஓட்ட பதிவு பண்ண முடியாத வண்டி. மைதானம் வரைக்கும் ஏத்திட்டுப் போக டெம்போ இருக்கிறவங்க மட்டும் யோசிக்கலாம்.

2019-ல எஃப்ஐஎம் பஹா உலகக் கோப்பையில பெண்கள் பிரிவுல ஜெயிச்ச ஐஸ்வர்யா பிஸ்ஸே பெங்களூர்க்காரர். டக்கார் ராலியில ஓட்டின முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் தொடங்கின பயிற்சி மைதானம் கோலார் பக்கத்துல இருக்கு. அந்த மாதிரி இடத்துல அவங்க வண்டியில ஒரு நாள் ஓட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. உங்க வண்டியில கீறல் விழாம விழக் கத்துக்கலாம்.

அங்கே போனா ஒரு வேலை மட்டும் கேட்டுச் செய்யுங்க. புல்லு மேல வண்டியைப் படுக்க வச்சு, கியர்ல போட்டு, முதுகை சீட்டுல முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டில்பார், ஒரு கை பின் கம்பி, முதுகால இல்லாம தொடை பலத்தால சின்னச் சின்ன அடியா பின்னாடி நடந்து நிமிர்த்துங்க. வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தா தூக்கறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்டை எடுத்து விட்டுடுங்க, இல்லைன்னா நிமிர்ந்த வேகத்துல அந்தப் பக்கம் போய் விழும்.