கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு ஓடாதே!

மும்பை திலக் நகர்ல ராத்திரி எட்டு மணிக்கு எந்த பில்டிங் படி ஏறினாலும் ஒரு வீட்டுல "ஒரே ஒரு வாய்டா கண்ணா"ன்னு கெஞ்சற சத்தம் கேட்கும். ஹார்பர் லைன் ரயில்ல நசுங்கி வந்து, பையைக்கூடக் கழட்டாம கிண்ணத்தைத் தூக்கறே. குழந்தை வாயை இறுக்க மூடிக்குது. முதல்ல நீ உட்காரு. அக்கா சொல்றதைக் கேளு.

1. ஒரு வயசு தாண்டினா பசி குறையத்தான் செய்யும். பிறந்தப்போ 3 கிலோ இருந்தது முதல் வருஷத்துல 9 கிலோ ஆகும். அப்புறம் வருஷத்துக்கு 2 கிலோ சொச்சம்தான் ஏறும். "எலும்பும் தோலுமா இருக்கான்"னு மாமியார் சொன்னா, தடுப்பூசி அட்டையில இருக்கற வளர்ச்சிக் கோட்டைக் காட்டு.

2. பால்தான் பெரிய வில்லன். சாப்பிடலைன்னு பால் குடுக்கறே, பால் குடிச்சதால அது சாப்பிட மாட்டேங்குது. ஒரு நாளைக்கு 2 டம்ளர், அதாவது 400-500 மில்லி போதும். பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. அதையே குடிச்சு வயிறு ரொம்பினா ரத்தசோகை வரலாம். கிரெச்ல ஆறு மணிக்கு பிஸ்கட் குடுக்கறாங்களான்னும் கேளு. சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்னால இருந்து தண்ணி மட்டும்தான்.

3. என்ன, எப்போ, எங்கே சாப்பிடணும்னு நீ முடிவு பண்ணு. எவ்வளவுன்னு அது முடிவு பண்ணட்டும். அமெரிக்க உணவு நிபுணர் எலின் சாட்டர் 1980-கள்லயே சொன்ன பங்கீடு இது. 20 நிமிஷம் ஆச்சா, தட்டை எடுத்துடு. முகத்தைத் தூக்கி வச்சுக்காதே, திட்டாதே. அடுத்த வேளைக்குப் பசிச்சு வரும்.

4. ஜன்னல்ல குர்லா டெர்மினஸ் போற வண்டியைக் காட்டி வாய்ல திணிக்காதே. மொபைலும் அதே கதைதான். வயிறு ரொம்பினது குழந்தைக்கே தெரியாமப் போயிடும்.

5. புதுக் காயை ஒரு தடவை துப்பினா "பிடிக்காது"ன்னு முத்திரை குத்தாதே. பத்துப் பதினஞ்சு தடவை பார்த்தாத்தான் சில குழந்தைங்க தொடவே தொடும். பிடிச்ச தோசைக்குப் பக்கத்துல ஒரே ஒரு பீன்ஸ் துண்டு வை. நீயும் அதையே எடுத்துத் தின்னு. "சாப்பிடு"ன்னு மட்டும் சொல்லாதே.

6. "கீரை தின்னா வடாபாவ்"னு லஞ்சம் வேண்டாம். கீரை தண்டனை, வடாபாவ் பரிசுன்னு மனசுல பதிஞ்சுடும்.

7. தனிச் சமையல் எதுக்கு? மிளகாய்ப்பொடி போடறதுக்கு முன்னால ஒரு கரண்டி பருப்பும் காயும் எடுத்து வை. தோசை மாவுல ரெண்டு கரண்டி நாச்ணி (கேழ்வரகு) மாவு கலந்துக்கோ. ஒண்ணுமே முடியலைன்னா முட்டை தோசை. அதுக்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம், அருமையான சாப்பாடு அது.

8. முழு வேர்க்கடலை, முழு திராட்சை அஞ்சு வயசு வரைக்கும் கூடாது. தொண்டையில அடைச்சுக்கும்.

எடை இறங்கினாலோ, விழுங்கத் திணறினாலோ, சுவத்துச் சுண்ணாம்பையும் மண்ணையும் தின்னாலோ டாக்டர்கிட்ட போ. மண் தின்னறதுக்குக் காரணம் பல சமயம் இரும்புச்சத்துக் குறைவுதான். ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுடும். அங்கன்வாடியில குடுக்கற பூச்சி மாத்திரையையும் விட்டுடாதே.