மானாவாரி நிலமும் மாதச் சம்பளமும்: ரிட்டர்ன் போட எந்த மென்பொருள்?

ஜூன் பிறந்துவிட்டால் கோவில்பட்டியில் ஆசிரியர் அறையிலும் பேங்க் கவுன்டருக்குப் பின்னாலும் இந்தப் பேச்சு ஓடும்: "இந்த வருஷம் ரிட்டர்னை நாமளே போட்டுருவமா? எந்த ஆப் நல்லாருக்கும்?" தாராளமாகப் போடலாம். ஆனால் ஆப்பைத் தேடுவதற்கு முன்னால் உங்களுக்கு எந்தப் படிவம் என்று முடிவு செய்யுங்கள். கரிசல் காட்டுக்காரர்கள் சறுக்குவது அங்கேதான்.

சம்பளக்காரர் என்றால் ஐடிஆர்-1 என்று பழகிவிட்டோம். மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் சரிதான். ஆனால் விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் படிவம் செல்லாது. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கரில் உளுந்தோ மக்காச்சோளமோ வத்தலோ போட்டு, செலவு போக இருபதாயிரம் மிஞ்சினாலே நீங்கள் ஐடிஆர்-2 ஆள். விவசாயம் செய்யக் குத்தகைக்கு விட்டு வாங்குகிற பணமும் இதே கணக்குதான். "விவசாயத்துக்குத்தான் வரியே இல்லையே, எதுக்குக் காட்டணும்?" என்பார்கள். நேரடி வரி இல்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் மற்ற வருமானம் எந்த விகிதத்தில் வரி கட்ட வேண்டும் என்று பார்க்கும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.

மென்பொருளைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை. 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரிமுறையில், கழிவெல்லாம் போகச் சம்பளம் 14 லட்சம் என்று போடுங்கள். செஸ் சேர்த்து வரி 93,600 ரூபாய் காட்டும். இப்போது விவசாய வருமானம் 2 லட்சம் என்று சேருங்கள். 16 லட்சத்துக்கான வரி 1,20,000. அதிலிருந்து விவசாய வருமானமும் அடிப்படை விலக்கும் சேர்ந்த 6 லட்சத்துக்கான வரி 10,000-ஐக் கழிக்க வேண்டும். மீதி 1,10,000, செஸ்ஸோடு 1,14,400. நீங்கள் தேர்ந்தெடுத்த மென்பொருள் இந்தத் தொகைக்கு வராமல் 93,600-லேயே நின்றால் அதை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். சம்பளம் 9 லட்சம்தான் என்றால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிடும்; அப்போதும் படிவம் ஐடிஆர்-2தான்.

விலக்கு வருமானத்துக்கான பட்டியலையும் திறந்து பாருங்கள். மொத்த வரவு, சாகுபடிச் செலவு, முந்தைய எட்டு ஆண்டுகளில் ஈடுகட்டாத விவசாய நட்டம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்க வேண்டும். மழை பொய்த்தால் போட்ட விதைக்காசுகூடத் திரும்பாத நம் பக்கத்தில் அந்த நட்டக் கட்டம் அலங்காரத்துக்கு இல்லை. நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் மாவட்டம், பின்கோடு, ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பது வரை கேட்பார்கள். வருமான வரிப் படிவத்தில் மானாவாரிக்கும் ஓர் இடம் இருப்பது எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

கயத்தாறு பக்கம் காற்றாலைக்கு இடம் கொடுத்து வாடகை வாங்குகிறவர்கள் அதை விவசாயக் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். காடு நம்முடையது என்றாலும் காற்றாடி விவசாயம் இல்லை. அது பிற வருமானம். கம்பெனி பிடித்த டிடிஎஸ் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் (ஏஐஎஸ்) ஏறியிருக்கும், மறைக்கவும் முடியாது.

சரி, எந்த மென்பொருள்? என் பதில், அரசின் இ-ஃபைலிங் தளமே. காசு இல்லை, சம்பளம், வட்டி, டிடிஎஸ் விவரங்கள் முன்கூட்டியே நிரம்பி வரும். 2021 ஜூன் 7-ஆம் தேதி திறந்த புதிதில் இந்தத் தளம் படுத்திய பாட்டில், அதைக் கட்டிக்கொடுத்த இன்ஃபோசிஸின் தலைமை அதிகாரியையே நிதியமைச்சகம் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. இன்று நிலைமை எவ்வளவோ தேவலை, கடைசி வாரம் வரை காத்திருக்காவிட்டால். கரன்டும் நெட்டும் கண்ணாமூச்சி ஆடுகிற ஊர் என்றால் அதே தளத்திலிருந்து ஆஃப்லைன் மென்பொருளை இறக்கி, வீட்டில் நிதானமாக நிரப்பி, கடைசியில் கோப்பை மட்டும் ஏற்றலாம். போன வருடம் இறக்கிவைத்த பழைய பதிப்பு மட்டும் வேண்டாம்.

கிளியர்டாக்ஸ், க்விக்கோ போன்ற தனியார் சேவைகளுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிற ஒரே இடம் பங்குச் சந்தை. புரோக்கர் அறிக்கையை அப்படியே இழுத்துக்கொண்டு நூறு விற்பனையை நொடியில் பிரித்துத் தரும். வெறும் ஃபார்ம் 16-உம் சேமிப்புக் கணக்கு வட்டியும் உள்ளவருக்கு அந்தச் செலவு வீண். வருமான வரித் துறையில் இ-ரிட்டர்ன் இடையீட்டாளராகப் பதிவு செய்த நிறுவனமா என்று தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருளும் சட்டம் ஆகிவிடாது. 2024 ஜூலை 5-ஆம் தேதி அரசின் மென்பொருளே மாறியது. புதிய வரிமுறையில் 7 லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர்கள், பங்கு விற்ற குறுகிய கால லாபத்துக்கு 87ஏ தள்ளுபடி கேட்டால் அதற்குப் பின் அது ஏற்கவில்லை. வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் போனது. கோரிக்கை வைக்கவே விடாமல் மென்பொருள் தடுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 2025-26 நிதியாண்டிலிருந்து சட்டமே அந்தச் சலுகையை நீக்கிவிட்டது, அது வேறு கதை. திரை காட்டுகிற தொகை உறுத்தினால் ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

"ரீஃபண்ட் வாங்கித் தர்றோம், வர்றதுல பங்கு குடுங்க" என்கிறவர்களிடம் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2025 ஜூலை 14 அன்று, பொய்க் கழிவு காட்டி ரிட்டர்ன் போட்ட இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை போட்டது; தமிழ்நாடும் அதில் இருந்தது. சிலர் ரிட்டர்ன் போடுவதற்கென்றே ஒரு தற்காலிக இமெயிலை உருவாக்கிவிட்டுப் போய்விடுவார்களாம். நோட்டீஸ் அதில் வந்து கிடக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. தளத்தில் பதிந்திருப்பது உங்கள் சொந்த இமெயிலும் செல் நம்பரும்தானா என்று இன்றைக்கே பாருங்கள்.

கடலை மிட்டாய்க் கடை, தீப்பெட்டி ஜாப் ஒர்க் நடத்துகிறவர்களுக்கு உத்தேச லாபக் கணக்கில் ஐடிஆர்-4 இருக்கிறது. அதையும் தளத்திலேயே போடலாம். ஆனால் அங்கேயும் விவசாய வருமானத்துக்கு அதே 5,000 ரூபாய் வரம்பு. நிலமும் கடையும் சேர்ந்திருந்தால் ஐடிஆர்-3 வரைக்கும் போகும். பேலன்ஸ் ஷீட் விவரமெல்லாம் கேட்கும். அதற்கு ஆடிட்டரே மேல்.

மே கடைசியில் அவசரப்பட வேண்டாம். ஜூன் 15-க்குள் ஃபார்ம் 16 கைக்கு வந்துவிடும். டிடிஎஸ்ஸும் ஏஐஎஸ்ஸில் ஏறியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு உட்காருங்கள். ஐடிஆர்-1, 2 போடுகிறவர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. தவறினால் வருமானம் 5 லட்சம் வரை 1,000, மேலே போனால் 5,000 தாமதக் கட்டணம். ரிட்டர்ன் ஏறிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை செய்துவிடுங்கள். கெடு நாளுக்கு முன்பே ரிட்டர்னை ஏற்றிவிட்டு இதை மட்டும் மறந்தவருக்கும் தாமதக் கட்டணம் வரலாம்.