பழைய காருக்கு ஃபுல் பெயின்ட் அடிக்கலாமா? ஒரு ஆழ்வார்திருநகரி கணக்கு

முதல் காரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கீங்க. பத்துப் பன்னிரண்டு வருஷ வண்டி, விலை 1,40,000 ரூபாய்னு வச்சுக்குவோம். இன்ஜின் நல்லா இருக்கு. ஆனா பானெட்டும் கூரையும் வெளுத்துப்போய், சுண்ணாம்பு பூசின மாதிரி கிடக்கு. பட்டறையில கேட்டா, "ஃபுல் பெயின்ட் அடிச்சிருவோம் தம்பி, 45,000 ஆகும்"ங்கிறாங்க. வண்டி விலையில மூணுல ஒரு பங்கு! உடனே கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. போட்டுடலாமான்னு கை துறுதுறுங்கும். கொஞ்சம் பொறுங்க.

அந்த 45,000 வண்டியை விக்கும்போது திரும்பி வராது. சொல்லப்போனா, முழுசா பெயின்ட் அடிச்ச பழைய வண்டியைப் பார்த்தா வாங்க வர்றவர் முதல்ல கேக்குறது, "எங்க இடிச்சுது?"ங்கிறதுதான். கம்பெனி பெயின்ட் மங்கலா இருந்தாலும் அதுக்கு ஒரு மதிப்பு உண்டு.

முதல்ல நோய் என்னன்னு பாருங்க. மங்கின இடத்துல தண்ணியை ஊத்துங்க. ஈரமா இருக்கும்போது நிறம் பளிச்னு தெரிஞ்சு, காஞ்சதும் மறுபடி வெளுத்தா நல்ல சேதி. மேல்தோல் மட்டும்தான் வெயில்ல செத்திருக்கு, பாலிஷ் போட்டா திரும்ப வரும். அப்படி இல்லாம, ஓரம் உரிஞ்சு வெள்ளைத் திட்டு திட்டா இருந்தா கிளியர் கோட்டே போயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு எந்த பாலிஷும் உதவாது, அந்த பேனலை மட்டும் பெயின்ட் பண்ணணும். அந்த ஒரு பேனலை மட்டும்தான். முழு வண்டியை இல்ல.

நம்ம பக்கத்துல பெயின்ட் சீக்கிரம் போறதுக்குக் காரணம் இருக்கு. ஆழ்வார்திருநகரியில இருந்து திருச்செந்தூர் கடல் ரொம்பத் தூரமில்ல, அங்க இருந்து உப்புக் காத்து வருது. போர் தண்ணியில கழுவிட்டு வெயில்ல காய விட்டா, தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் வட்ட வட்டமா ஒட்டிக்கும். அதை எடுக்க வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துடைச்சு, உடனே நல்ல தண்ணி விட்டு அலசணும். அப்புறம் மர நிழல். நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளி கோயிலுக்குள்ள இருக்கு, அதுக்கு ஒரு கும்பிடு. தெருவுல நிக்குற புளியமரம் உங்க பானெட்டுக்கு எதிரி. பிசின், பறவை எச்சம் எல்லாம் சூடான பெயின்ட்ல உக்காந்து அரிச்சுடும். எச்சத்தைப் பார்த்த அன்னிக்கே ஈரத்துணி போட்டு ஊறவச்சு எடுங்க, சுரண்டாதீங்க. ஆடிக் காத்துல படிஞ்ச புழுதியை வறட்டுத் துணியால தட்டுறதும் தப்பு. அது மணல்தாளால தேய்க்கிற மாதிரி.

சரி, வேலைக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை காலையில நிழல்ல வண்டியை நிறுத்தி, கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்க. துணி துவைக்கிற சோப்புத்தூள் வேண்டாம், அது பழைய வேக்ஸையும் எடுத்துடும். கையால தடவிப் பாத்து சொரசொரன்னு இருந்தா கிளே பார். அப்புறம் ரப்பிங் காம்பவுண்டை கண்ணுக்குத் தெரியாத மூலையில கொஞ்சம் தேய்ச்சுப் பாருங்க. துணியில வண்டியோட நிறம் ஒட்டினா உங்களுது கிளியர் கோட் இல்லாத பழைய வகை சாலிட் பெயின்ட், மெதுவா தேய்க்கணும். ஒட்டலைன்னா கிளியர் கோட் இருக்கு. அதுக்காக வெறி பிடிச்ச மாதிரி தேய்க்கக் கூடாது. கம்பெனி பெயின்ட் மொத்தமே சுமார் 100 மைக்ரான்தான், அதுல கிளியர் கோட் பாதிகூட இருக்காது. ஒவ்வொரு தடவை காம்பவுண்ட் போடும்போதும் அதுல கொஞ்சம் தேயுது. அதனால காம்பவுண்ட் வருஷா வருஷம் வேண்டாம். வேக்ஸ் மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுங்க. சாமான் எல்லாம் சேர்த்து பெரும்பாலும் 2,000 ரூபாய்க்குள்ள முடியும். தோள் வலி தனி.

பணத்தைச் செலவு பண்ண வேண்டிய இடம் துரு. கதவோட அடி ஓரம், சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவு, இங்கெல்லாம் பெயின்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கான்னு பாருங்க. இருந்தா தள்ளிப்போடாதீங்க. இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, டச்-அப் பண்ணணும். கதவுக்கு அடியில தண்ணி வடியுற சின்ன ஓட்டைகள் மண் அடைச்சுக் கிடக்கும், ஒரு குச்சியால குத்தி விடுங்க. இது ஓசி.

"இன்ஷூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணா என்ன?"னு கேப்பீங்க. வெளுத்ததுக்குக் கிடைக்காது, அது தேய்மானம். கீறலுக்குக் கிடைக்கும், ஆனா கணக்குப் போடுங்க. பெயின்டிங் பில் மொத்தமா 8,000. அதுல 25 சதவீதத்தை, அதாவது 2,000-ஐ, பொருள் செலவுன்னு எடுத்து, அதுல பாதி 1,000 கழிப்பாங்க. 1,500 சி.சி. வரைக்கும் உள்ள வண்டிக்கு கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. கைக்கு 6,000. இப்ப நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு 50 சதவீதம் இருந்ததுன்னா, அது பூஜ்யத்துக்குப் போய் 20, 25, 35, 45-னு ஏறி மறுபடி 50 வரணும். சொந்தச் சேதப் பிரீமியம் 4,000-னு மாறாம இருந்தா, அந்த அஞ்சு வருஷத்துல நீங்க இழக்கிற தள்ளுபடி 5,000. ஆக மிச்சம் வெறும் 1,000. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தா இந்தப் பேச்சே இல்ல.

இன்னும் வண்டி வாங்காதவங்களுக்கு ஒண்ணு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் ஞாபகம் இருக்கும். ஒரே நாள்ல காயல்பட்டினத்துல 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்துல 62 செ.மீ. மழை. அப்ப முங்கின வண்டிகளும் மார்க்கெட்ல இருக்கும், பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னும். நீங்க பெயின்டைப் பாக்காதீங்க. சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுத்து, கடைசி முழத்துல மண் கறை இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஸ்டெப்னி இருக்கிற குழியையும், சீட்டுக்கு அடியில இருக்கிற போல்ட்டையும்.