நண்பகல் ஆய்வுரையும் தங்கவயல் தூசும்

கல்வித்துறை ஆசிரியரும் மருத்துவத்துறை ஆசிரியரும் பகலுணவு வேளையில் ஒருங்கமர்ந்து ஆய்வுரை கேட்பதுண்டு. அங்கே எதைப் பேசலாம் என்று என்னைக் கேட்டால், கோலார் தங்கவயலைப் பேசுக என்பேன்.

வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பலர் அங்கே நிலத்தடியில் பாறையைத் துளைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. பொன் கம்பெனிக்குப் போயிற்று. தூசு நெஞ்சில் தங்கிற்று. கண்ணுக்குப் புலப்படாத சிலிக்காத் துகள் நுரையீரலின் காற்றறைகளில் படிந்து அவற்றைத் தழும்பேறச் செய்யும். இதுவே சிலிகோசிஸ். தழும்பை நீக்கும் மருந்து இல்லை. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்டவருள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்நோய் கண்டிருந்தது.

மருத்துவப் பேராசிரியர் இதை அறிவார். பள்ளியாசிரியரைப் பயிற்றுவிப்போர் அறிவரோ? இருமல் என்றால் காசநோய் என்றே வீட்டார் எண்ணுவர். சிலிகோசிஸ் உள்ளவரைக் காசம் எளிதில் பற்றுவதால் குழப்பம் இன்னும் மிகும். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் இந்நோய் வேலையை விட்ட பின்னரும் முற்றக்கூடியது. ஆதலால், "உன் தாத்தா என்ன வேலை பார்த்தார்?" என்று மாணவனைக் கேட்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். நீர் பாய்ச்சித் துளைத்தால் தூசு அடங்கும் என்பதைக் கல் குவாரி உள்ள ஊர்ப் பள்ளிகளிலும் அவரே சொல்ல வேண்டும்.

மருத்துவர் அரைமணி பேசட்டும். சோறு ஆறினால் ஆறட்டும்.