கொடையாளருக்கு என்ன எழுதுவது?

அன்புள்ள தங்கைக்கு,

உன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டும் அறக்கட்டளை, செமஸ்டருக்கு ஒருமுறை கொடையாளருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறது. திரும்பத் திரும்ப நன்றி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது என்கிறாய். அந்தக் கூச்சம் நியாயமானதுதான். கிடைப்பதற்கெல்லாம் நாம் நன்றி எழுதுவதில்லை. அய்யனார் கோவில் மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கி, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி, ராஜபாளையத்துக் குழாய்களுக்கு வருகிறது. குடம் நிறைந்ததும் யாரும் கடிதம் எழுதுவதில்லை. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கும் மாணவியும் எழுத வேண்டியதில்லை. அது வரிப்பணம், அவள் உரிமை. முன்பின் தெரியாத ஒருவர் தன் சம்பாத்தியத்திலிருந்து தருவது வேறு. அவர் தராமலே இருந்திருக்கலாம். ஆகவே அவருக்கு நீ கடன்பட்டிருக்கிறாய். படிப்பின் கணக்கைச் சொல்லித்தான் அந்தக் கடனைத் தீர்க்க முடியும் என்பது என் கருத்து.

கணிதமேதை ராமானுஜனைப் பார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் விட்டதால் உதவித்தொகையை இழந்தவர் அவர். பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தன் கைப்பணத்திலிருந்து மாதாமாதம் அவருக்கு உதவினார். நல்ல மனதோடு வந்த பணம்தான். ஆனாலும் பிறர் தயவில் காலம் தள்ள ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்த வேலையை எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் அப்படி மூன்று அறிக்கைகள் கொடுத்தார். அவற்றில் நிறைந்திருப்பது தொகையீட்டுக் கணிதம். அதில் உள்ள ஒரு தேற்றத்தை ராமானுஜனின் முதன்மைத் தேற்றம் என்று இன்றும் படிக்கிறார்கள். உதவித்தொகை பெற்றவர் கொடுத்தவருக்கு எழுதியதில் இதைவிட நல்ல கடிதம் எனக்குத் தெரியாது.

அவர் மேதை, நானோ அரியர் வைத்திருக்கிறேன், நான் எதை எழுத என்று கேட்பாய். கணக்கு என்றால் வரவு மட்டுமா? 'கணக்குத் தாளில் அரியர். பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்ததால் வகுப்பில் பாதி புரியவில்லை. இப்போது சாயங்காலம் ஒரு சீனியர் அக்காவிடம் கேட்டுப் படிக்கிறேன். நவம்பரில் மறுபடி எழுதுகிறேன்.' இந்த நாலு வரி போதும். உதவியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் உனக்கு இருக்கலாம். மறைத்தாலும் மார்க் ஷீட் காட்டிக் கொடுத்துவிடும். முன்கூட்டியே சொன்னால் ஒரு டியூஷனுக்காவது வழி பிறக்கும். பணம் கொடுப்பவருக்கு வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்க உரிமையில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். பணம் என்ன ஆயிற்று என்று அறிய அவருக்கு முழு உரிமை உண்டு. உன் வீட்டுக் கூரையையும் அப்பாவின் நோயையும் மேடையில் சொல்ல வைத்து, அட்டைக் காசோலையோடு படம் எடுக்க உரிமை கிடையாது. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அங்கே நுழைகிறவர் யாரும் தன் வறுமையை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் யார் கொடுத்தது என்றே தெரியாமல் இருப்பது மேல் அல்லவா? பணத்துக்கு மட்டும் என்றால் சரி. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு, எந்தத் தேர்வு எழுதலாம், நேர்காணலில் எப்படிப் பேசலாம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஒருவரை அந்தக் கடிதம் உனக்குச் சம்பாதித்துத் தரலாம். எதைக் கேட்பதானாலும் அறக்கட்டளை வழியாகவே கேள். வீட்டு முகவரியும் போன் நம்பரும் கொடுக்காதே. தனியாகச் சந்திக்கக் கூப்பிட்டால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், அன்றே அறக்கட்டளையிடம் சொல்லிவிடு.

1918 டிசம்பரில், இங்கிலாந்தில் நோயோடு இருந்த ராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. பெற்றோருக்கு 50 பவுண்டு கொடுத்து, தன் தேவை போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடும்படி அவர் 1919 ஜனவரியில் பதில் எழுதினார். அதெல்லாம் பிறகு. இப்போது நீ ஒரு பக்கம் எழுதினால் போதும். மார்க் வந்த வாரமே எழுதி அனுப்பிவிடு.

அன்புடன்,
அண்ணன்