மணிக்கூட்டுக்கு ஒரு வகுப்பு

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தில் ‘வகுப்பு’ என்பது நாம் அமர்ந்திருக்கும் வகுப்பறை அன்று. அது ஒரு வரைபடம். ஒரு வீட்டு வரைபடத்தைக் கொண்டு பல வீடுகள் கட்டலாம். அவ்வாறே ‘மணிக்கூடு’ என்னும் வகுப்பை ஒருமுறை எழுதிவிட்டால் பல மணிக்கூடுகளை உருவாக்கலாம். அவை ‘பொருள்கள்’. பொருள் தன்னுள் வைத்திருக்கும் தரவு ‘பண்பு’. அது செய்யும் வேலை ‘முறை’.

முதலில் நான் மணி, நிமிடம், செக்கன் என மூன்று பண்புகளை வைத்தேன். 23:59:59 இற்கு அடுத்து என் திரையில் 23:59:60 தோன்றியது. நிமிடத்துக்கு 75 கொடுத்தேன். அதையும் மறுக்காமல் ஏற்றது.

ஆகவே மூன்றையும் நீக்கி, நள்ளிரவிலிருந்து கடந்த செக்கன்கள் என்ற ஒரே எண்ணை வைத்தேன். ஒரு நாளுக்கு 86,400 செக்கன்கள். ‘துடி’ என்னும் முறை அந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டி, 86,400 ஆல் வகுத்து, மீதியை வைத்துக்கொள்ளும். 86,399 இற்கு அடுத்து தானாகவே 0 வரும். ‘காட்டு’ என்னும் முறை 3,600 ஆல் வகுத்து மணியையும், மீதியை 60 ஆல் வகுத்து நிமிடத்தையும் எடுக்கும். 66,600 என்றால் 18:30:00. இந்த எண்ணை வெளியிலிருந்து நேரே மாற்ற இடமளிக்காமல், முறைகளின் வழியாக மட்டும் அணுகவிடுவதே உறைபொதியாக்கம்.

முடிந்தது என்று உம்மாவிடம் காட்டினேன். “இது பழைய நேரமா, புது நேரமா?” என்று சிரித்தார்.

பெற்றோருக்கு அது நினைவிருக்கும். மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே 25 இல் இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரல் 15 இல்தான் பழைய நேரம் திரும்பியது. அக்காலத்தில் எந்த அழைப்புக்கும் எந்த நேரம் என்று கேட்க வேண்டியிருந்ததாம்.

“மணிக்கூட்டத்தான் மாத்தின. மஃரிப மாத்த ஏலுமா?” என்றார் உம்மா.

என் வகுப்பின் குறை அப்போதுதான் விளங்கியது. மாறாததையும் மாறுவதையும் ஒரே எண்ணில் கலந்து வைத்திருந்தேன். இப்போது இரண்டு பண்புகள்: கிறீன்விச் நள்ளிரவிலிருந்து கடந்த செக்கன்கள் ஒன்று, நேர வேறுபாடு மற்றொன்று. ‘காட்டு’ முறை இரண்டையும் கூட்டி, 86,400 ஆல் வகுத்த மீதியை மணியாக்கிக் காட்டும்.

கிறீன்விச்சில் 13:00, அதாவது 46,800 செக்கன்கள் என்று கொள்வோம். வேறுபாடு 330 நிமிடங்கள் என்றால் நமக்கு 18:30. 1996 மே மாதத்து 390 நிமிடங்களைக் கொடுத்தால் 19:30. ஒக்டோபரின் 360 ஐக் கொடுத்தால் 19:00. மூன்றும் ஒரே கணம். சிங்கப்பூர் நேரத்தை மாற்றாமல் நமது துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலின் மணிக்கூட்டுக்கு 480 கொடுத்தால் 21:00. அதற்குப் புது வகுப்பு எழுதத் தேவையில்லை. அதே வகுப்பின் இன்னொரு பொருள் போதும்.

செய்நிரல் எழுத அமரும் தங்கைகளே, விசைப்பலகையைத் தொடுமுன் தாளில் இரண்டு நிரல்கள் இடுங்கள்: எது மாறும், எது மாறாது. நான் அதைச் செய்யாததால் ஒரே வகுப்பை மூன்று தடவை எழுதினேன்.